ஒற்றைக் கொண்டை

மனிதன் கோழியை வளர்த்தது வயிற்றுக்காக மட்டுமன்று, கண்ணுக்காகவும் வளர்த்தான். இறைச்சியையும் முட்டையையும் பெரிதாகக் கருதாமல், நிறத்துக்காகவும் இறகின் கோலத்துக்காகவும் கொண்டையின் வடிவுக்காகவும் கோழி வளர்ப்போர் மேலைநாடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றனர். கண்காட்சியில் நடுவர் முன்னே நிற்கும் சில நிமிடங்களுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர்.

வயண்டாட் என்னும் அமெரிக்க இனத்தைப் பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார். வெள்ளி போன்ற ஒவ்வோர் இறகையும் சுற்றிக் கறுப்புக் கரை ஓடும். சின்னஞ்சிறு கரைபோட்ட சேலைகளை வரிசையாக அடுக்கி வைத்தாற்போல் தோன்றும். 1883ஆம் ஆண்டில் அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் இதனைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. இதன் தலையில் இருக்கவேண்டியது ரோஜாக் கொண்டை. அது அகன்று தாழ்ந்து, சிறு முத்துகள் பதித்தாற்போல் விளங்கி, பின்புறம் ஒரு முனையாக முடியும். சாதாரணக் கோழியின் தலையில் இரம்பப் பல்போல் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கொண்டை இதற்கு ஆகாது. அது இருந்தால் கண்காட்சியில் இடமில்லை.

ஆயினும், ரோஜாக் கொண்டையுடைய தந்தைக்கும் தாய்க்கும் பிறந்த குஞ்சுகளிடையே ஒற்றைக் கொண்டை தலைகாட்டிவிடுகிறது. குஞ்சு பொரித்த நாளிலேயே கூர்ந்து நோக்குவோர்க்கு அது தெரிந்துவிடும். வளர்ப்பவரின் முகம் சுருங்கும். ‘எங்கே தவறினோம்?’ என்று ஏங்குவார், அக்குஞ்சை விலக்குவார். அடுத்த ஆண்டும் அதுவே நிகழும். நூறாண்டுக்கு மேலாக விலக்கியும் அது ஏன் விலகவில்லை?

விடையின் முதற்பாதியை இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் தந்தார். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட மரபு விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை 1902இல் கோழிக் கொண்டையைக் கொண்டே அவர் காட்டினார். இரண்டில் ஒரு மரபணு ரோஜாவாக இருந்தாலும் கொண்டை ரோஜாவாகவே அமையும். ஒற்றை அதனடியில் மறைந்திருக்கும். அவ்வாறு ஒற்றையை மறைவாய்ச் சுமக்கும் சேவலும் பெட்டையும் கூடினால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு ஒற்றைக் கொண்டையுடன் பிறக்கும். பின்னர் பேட்சனும் பன்னெட்டும் ரோஜாக் கொண்டைக் கோழியைப் பட்டாணிக் கொண்டைக் கோழியுடன் கலந்தனர். குஞ்சுகள் இரண்டையும் ஒவ்வாமல், அக்ரூட் கொட்டை போன்ற மூன்றாம் வடிவைப் பெற்றன. மலாயாவின் பெயர் தாங்கிய மலாய்க் கோழியின் கொண்டையும் அத்தகையதே. அக்குஞ்சுகளை வளர்த்துத் தம்முள் கூட்டியபோது, பதினாறில் ஒன்று என்னும் அளவில் ஒற்றைக் கொண்டை தோன்றியது. பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியிடமும் காணாத வடிவம் பேரக்குஞ்சில் வந்தது!

மறைந்திருப்பதைத் தேடிக் களைந்துவிடலாமே? இரு மரபணுக்களும் ரோஜாவாகவே உள்ள சேவல்களை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமே? அங்கேதான் விடையின் மறுபாதி இருக்கிறது. அத்தகைய சேவல்களுக்குக் கருவூட்டும் ஆற்றல் குறைவு. அவற்றுடன் கூடிய பெட்டைகளின் முட்டைகள் பல வீணாகும். பெட்டைக்கு அக்குறை இல்லை. ஒற்றையை மறைவாய்ச் சுமக்கும் சேவலுக்கும் இல்லை.

காரணம் 2012இல் வெளிப்பட்டது. கோழியின் 7ஆம் குரோமோசோமில், ஏறத்தாழ 74 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட பகுதியொன்று தலைகீழாகத் திரும்பியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். அதனால் ஒரு மரபணு இடம்பெயர்ந்து, இயங்கத் தகாத இடத்தில் இயங்கிக் கொண்டையை ரோஜாவாக்கியது. முறிந்த இடத்திலிருந்த வேறொரு மரபணு சிதைந்தது. விந்தணுவின் நீந்தும் வலிமை குன்றியதற்கு அதுவே காரணம் எனக் கருதினர். அழகைத் தந்த திருப்பமே குறையையும் தந்தது.

ஆகவே, பல சேவல்கள் கூடித் திரியும் முற்றத்தில் அடுத்த தலைமுறைக்குப் பெரும்பாலும் தந்தையாவது ஒற்றையை மறைத்துச் சுமக்கும் சேவலே. வெட்கத்தோடு விலக்கப்பட்ட அந்தக் குஞ்சு இனத்தின் களங்கமன்று; அவ்வினம் மலடாகிப் போகவில்லை என்பதற்கு அடையாளம். இதை அறிந்த வளர்ப்போர் சிலர் ஒற்றைக் கொண்டைப் பெட்டையொன்றை விலக்காமல் கூட்டில் வைத்துக்கொள்கின்றனர். அது கண்காட்சிக்குச் செல்லாது, பரிசும் பெறாது. ஆனால், பரிசு பெறும் சேவலுக்குத் தாய் அதுவாகவே இருக்கலாம்.