வரப்பும் வரம்பும்

தஞ்சைத் தரணியில் ‘வரம்பு’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது வயல் வரப்புதான். ஒருவர் நிலம் எங்கே முடிகிறது, அடுத்தவர் நிலம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது அது. இன்று எங்கள் ஊரில் அதே சொல் வேறொரு பொருளில் புழங்குகிறது. அரசு தரும் வீட்டுக்குத் தகுதியானவர் யார், தகுதியற்றவர் யார் என்று பிரிக்கும் கோட்டுக்கு ‘வருமான வரம்பு’ என்று பெயர்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், கேட்டு வருவோருக்கு விண்ணப்பம் எழுதித் தருவது என் வழக்கம். ‘மாத வருமானம்’ என்ற கட்டத்தில் என் பேனா நின்றுவிடும். நடவும் களையெடுப்பும் செய்து பிழைக்கும் ஓர் அம்மாளிடம் அதைக் கேட்டேன். “எந்த மாசத்தைக் கேக்குறீங்க, ஐயா?” என்றார். நடவுக் காலத்தில் நாள்தோறும் கூலி உண்டு. அறுவடையை எந்திரம் எடுத்துக்கொண்டது. கோடையில் அடுப்பெரிவதே அரிது. இந்த ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணாக எப்படி எழுதுவது?

2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம், சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் உதவியை நிர்ணயித்தது. அதற்கு 13 விலக்கு நிபந்தனைகள் இருந்தன. குடும்பத்தில் எவரேனும் மாதம் 10,000 ரூபாய்க்குமேல் ஈட்டினாலும், வீட்டில் மோட்டார் வண்டியோ குளிர்பதனப் பெட்டியோ இருந்தாலும் தகுதி போய்விடும்.

அந்த அம்மாள் கணவரை இழந்தவர். கீற்றுக் குடிசையில் வாழ்பவர். அதிகாலையில் எங்கள் ஊருக்குப் பேருந்து கிடையாது. ஆதலால், கட்டட வேலைக்குத் தஞ்சைக்குச் செல்ல அவர் மகன் பழைய வண்டி ஒன்றைக் கடனில் வாங்கியிருந்தான். அதனால் அவர் பெயர் நீங்கிற்று. “வண்டிய வித்துப்புடலாமா, ஐயா?” என்று கேட்டார். விற்றால் வேலை போகும். வேலை போனால் வறுமை வரும். வறுமை வந்தால் தகுதி வரும். வீடு பெறுவதற்காக ஒருவர் தம்மை இன்னும் ஏழையாக்கிக்கொள்ள வேண்டுமா?

2018-இல் தமிழக அரசு, பணிக்குச் செல்லும் மகளிர் இருசக்கர வண்டி வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் வழங்கத் தொடங்கியது. அதற்கான ஆண்டு வருமான வரம்பு 2,50,000 ரூபாய். ஒரு திட்டத்தில் எளியோருக்குத் துணையாக வந்த வண்டி, மற்றொரு திட்டத்தில் வசதிக்குச் சான்றாயிற்று!

வரம்பே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. வரப்பில்லாத வயலில் நீர் தங்காது. வலியவர் பக்கமே வடிந்துவிடும். ஆனால் உழவர் வரப்பைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதில்லை. போகந்தோறும் அண்டை வெட்டுகிறார், சேறு அணைக்கிறார், எலி வளைகளை அடைக்கிறார். பக்கத்து வயலுக்கு நீர் செல்ல மடையும் வைக்கிறார்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இடம்பெற்ற அந்த 10,000 ரூபாய்க் கோடு, 2024 வரை அசையாமல் நின்றது. சிமெண்ட் விலையும் கம்பி விலையும் நிற்கவில்லை. விலைவாசி ஏறும்போது அசையாத கோடு, உண்மையில் ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போகிறது. 2024-இல் நடுவண் அரசு அதை 15,000 ஆக உயர்த்தியது. இருசக்கர வண்டியையும் குளிர்பதனப் பெட்டியையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், குடிசையில் வாழ்வோருக்கு வீடு கட்ட 3,50,000 ரூபாய் வழங்குகிறது. வருமானத்தைவிடக் கூரையை முதலில் பார்க்கும் பார்வை இது. இரண்டும் வரவேற்கத்தக்கவை.

எனினும் மடை இன்னும் திறக்கப்படவில்லை. கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு முழு உதவி. சிறிதே மேலே இருப்பவருக்கு வெறுங்கை. இடையில் நிற்போருக்குப் பாதி உதவியேனும் கிடைக்க வழி வேண்டும். மாதத்தை அல்ல, ஆண்டு முழுவதையும் பார்த்து வருமானத்தைக் கணக்கிட வேண்டும்.

நம்மால் ஆவதும் ஒன்றுண்டு. பயனாளிகள் பட்டியல் கிராம சபையின் முன் வைக்கப்படுகிறது. நம்மில் பலர் அன்று வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். அடுத்த கூட்டத்துக்குச் செல்வோம். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, யார் பெயர் இல்லை என்று கவனிப்போம். அந்தக் குடிசையின் நிலையை அறிந்த அயலார் எழுந்து பேசினால், அதுவும் ஒரு சான்றிதழே.