பட்டியலில் இல்லாத ஆறாவது ஆள்

2024-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தது. அந்தச் சுற்றுப்பயணத்துக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? ஏஏஆர்பி. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்குமான அமெரிக்க அமைப்பு அது. செய்தியைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 80 வயது. கிடார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் 80. நம் ஊரில் என்றால் அரசு பென்ஷனில் 20 சதவீதம் கூட்டிக் கொடுத்திருப்பார்கள்.

இந்தக் குழுவின் பைத்தியம் நானல்ல, என் அண்ணன். அறுபதுகளின் கடைசியில், எங்கள் வீட்டில் டி.எம்.எஸ்., சுசீலா தவிர வேறு குரல் கேட்காத காலத்தில், யாரிடமோ இரவல் வாங்கிய ரெக்கார்ட் பிளேயரில் இவர்களை ஓட விடுவார். அப்பா வந்தால் நிறுத்திவிடுவார். கல்யாணமான பிறகு அந்த நிறுத்தும் பொறுப்பை அண்ணி எடுத்துக்கொண்டார்கள். "அந்த டம டமவைக் கொஞ்சம் நிறுத்தக் கூடாதா?" என்பது அந்த வீட்டில் தினசரி வசனம். நான் எட்டு வயது இளையவன். அண்ணன் சொன்னதைக் கேட்டுக் கேட்டே பாதி தெரிந்துகொண்டேன், மீதியை ரிடையர் ஆன பிறகு படித்தேன்.

கதை 1961 அக்டோபரில், லண்டனுக்குப் பக்கத்து டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. ஜாகரும் ரிச்சர்ட்ஸும் ஒரே ஆரம்பப் பள்ளியில் படித்துப் பிரிந்தவர்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாணவரான ஜாகர், சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் இருவரின் இசைத்தட்டுகளைக் கையில் வைத்திருந்தார். அந்நாளில் இங்கிலாந்தில் அவை சுலபமாகக் கிடைக்காது. கீத் அதைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தார். இரண்டு பையன்கள், கக்கத்தில் நாலு இசைத்தட்டு, ஒரு ரயில். அறுபது வருடம் ஓடிய வண்டி அங்கே கிளம்பியது.

ஆனால் குழுவை ஆரம்பித்தவர்கள் இவர்கள் அல்ல. பிரையன் ஜோன்ஸ் என்ற இளைஞர் 1962-ல் ஒரு ஜாஸ் பத்திரிகையில் 'வாத்தியக்காரர்கள் தேவை' என்று விளம்பரம் கொடுத்தார். அதற்கு முதலில் வந்தவர் இயன் ஸ்டூவர்ட், பியானோ வாசிப்பவர். ஒரு பெரிய ரசாயனக் கம்பெனியில் குமாஸ்தா. மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள். மடி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, 1962 ஜூலை 12-ம் தேதி லண்டன் மார்க்கீ கிளப்பில் முதல் கச்சேரி செய்தார்கள்.

மறு வருடம் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் என்ற மேனேஜர் வந்தார். வயது பத்தொன்பது. குழுவை ஒரு பார்வை பார்த்தார். ஆறு பேர் அதிகம் என்றார், ஸ்டூவர்ட்டின் முகவெட்டும் தாடையும் போஸ்டருக்குச் சரிப்படாது என்றார். ஆளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேண்டுமானால் வண்டி ஓட்டலாம், சாமான்களைப் பார்த்துக்கொள்ளலாம், ரெக்கார்டிங்கில் பியானோ வாசிக்கலாம். படத்தில் மட்டும் நிற்கக் கூடாது.

விளம்பரத்துக்கு முதலில் வந்தவர் அவர். அவருடைய வேனில்தான் எல்லோரும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர் 'சரி' என்றார்! 1963-லிருந்து 1985-ல் இறக்கும் வரை, இருபத்திரண்டு வருடம், ஆம்ப்ளிஃபயர் தூக்கினார், ஹோட்டல் பிடித்தார், தனக்குப் பிடித்த பாட்டுகளுக்கு வந்து உட்கார்ந்து பியானோ வாசித்தார். மைனர் சுரக்கோர்வை வந்தால் கையை எடுத்துவிடுவாராம், அது அவருக்கு ஆகாது. கால்ஃப் பிரியர் என்பதால் ஊருக்குள் ரூம் போடாமல் கால்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் போட்டு, இரவெல்லாம் கூத்தடிக்க நினைத்தவர்களைக் கடுப்பேற்றுவாராம். மேனேஜர் செய்ததற்குச் சின்னப் பழிவாங்கல் என்று எனக்குத் தோன்றும். 47 வயதில், டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். இன்றும் தான் அவருக்குத்தான் வேலை செய்வதாக, இது அவருடைய குழு என்கிற மாதிரி, கீத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1989-ல் ராக் இசைக்கான கௌரவப் பட்டியலில் குழுவைச் சேர்த்தபோது, ஸ்டூவர்ட் பெயரும் சேர்ந்தே இடம்பெற்றது.

அண்ணன் இந்தக் கதையைக் குறைந்தது நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவருடைய அலுவலகத்தில் சீனியாரிட்டி பட்டியலில் முதல் பெயராக இருந்தும் அவரைத் தாண்டி ஜூனியர் ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். அந்த ஜூனியருக்கு வேலை சொல்லிக் கொடுத்ததும் அண்ணன்தான். ஸ்டூவர்ட்டைப் போல 'சரி' என்று அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடம் வீட்டில் பொங்கித் தீர்த்தார். மேல்முறையீடு எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். அந்த நாட்களில் ரெக்கார்ட் பிளேயர் சத்தம் அதிகமாகவே இருந்தது. ஸ்டூவர்ட் கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம், "எப்படிடா முடிஞ்சுது அந்த ஆளுக்கு?" என்பார். என்னிடம் பதில் இல்லை.

மற்ற விஷயங்கள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1967-ல் போதைப்பொருள் வழக்கு, சிறைவாசம். 1969 ஜூலையில் பிரையன் ஜோன்ஸ் 27 வயதில் நீச்சல் குளத்தில் இறந்தது. அதே டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆல்டமான்டில், மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்றைப் பாதுகாப்புக்கு வைத்து நடத்திய கச்சேரியில் ஒரு இளைஞன் குத்திக் கொல்லப்பட்டது. இதையெல்லாம் 'கலகக்காரர்கள்' என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அண்ணனிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்.

நமக்குச் சம்பந்தமுள்ள ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த உதடும் தொங்கும் நாக்குமான சின்னத்தை எல்லோரும் டி-ஷர்ட்டில் பார்த்திருப்பீர்கள். 1970-ல் லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த ஜான் பாஷே என்ற மாணவர் வரைந்தது. ஜாகர் அவரிடம் மாதிரிக்குக் காட்டியது நம் காளியின் படத்தை! முதல் கூலி 50 பவுண்ட். காளிக்கு ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அண்ணனுக்குப் பிடித்த ஆள் ஜாகர் இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ். 1941-ல் பிறந்தவர், விளம்பரக் கம்பெனியில் டிசைனராக இருந்தவர், உள்ளூர ஜாஸ் பிரியர். 1963 ஜனவரியில் சேர்ந்து கடைசி வரை இருந்தார். மற்றவர்கள் லாரி நிறைய டிரம்ஸ் வைத்துக்கொண்ட காலத்திலும் இவரிடம் சின்ன செட்தான். கச்சிதமான கோட்டு சூட்டு. 1964-ல் கட்டிய மனைவியோடு கடைசி வரை வாழ்ந்தார். அறுபதுகளின் கடைசியிலிருந்து, தங்கிய ஒவ்வொரு ஹோட்டல் அறையிலும் படுக்கையைப் படம் வரைந்து வைப்பாராம். இருபத்தைந்து வருடம் இந்தக் குழுவில் இருந்தது எப்படி என்று கேட்டதற்கு, ஐந்து வருடம் வேலை, இருபது வருடம் சும்மா காத்திருப்பு என்றாராம். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாசிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. வலது கை தாளத்தட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். இடது கை ஸ்நேர் டிரம்மில் விழும் அந்தக் கணத்தில் மட்டும் வலது கையை மேலே தூக்கிவிடுவார். அந்த அடி தனியாக நிற்கும். அண்ணன் மேஜையில் தட்டிக் காட்டுவார். மிருதங்கக்காரர் விடும் இடைவெளி மாதிரி, விட்ட இடம்தான் கேட்கும் என்பார்.

2003 ஏப்ரல் 4-ம் தேதி அவர்கள் பெங்களூரு வந்தார்கள். அண்ணன் முந்தைய வருடம்தான் 58-ல் ஓய்வு பெற்றிருந்தார். காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு தடவை பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பியவர். "வாடா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஈரோட்டிலிருந்து ரயில் ஏறினார். பேலஸ் கிரவுண்ட்ஸில் கொட்டும் மழை. சேற்றில் நின்றோம். சுற்றிலும் பாதிப்பேர் எங்கள் பிள்ளைகள் வயது. மேடையில் 59 வயது ஜாகர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. நனைந்த கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, தூரத்தில் பொட்டாகத் தெரிந்த சார்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். "61 வயசுடா அந்த ஆளுக்கு," என்றார். சற்று நேரம் கழித்து, "என்னைவிட மூணு வயசு பெரியவன்," என்றார். ஊர் திரும்பிய மறு மாதம் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போக ஆரம்பித்தார்.

2019-ல் அண்ணன் காலமானார். 2021 ஆகஸ்ட் 24-ம் தேதி சார்லி வாட்ஸ் 80 வயதில் இறந்தார். செய்தியைப் பார்த்ததும் கை தானாகப் போனை எடுத்தது. அண்ணன் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை.

குழு நிற்கவில்லை. அடுத்த மாதமே வேறு டிரம்ஸ்காரரோடு மேடை ஏறியது. எனக்கு அது பிடிக்கவில்லை. அண்ணன் இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். 2023 அக்டோபரில், பதினெட்டு வருடம் கழித்து, சொந்தப் பாட்டுகளோடு புது ஆல்பம் வந்தது. அதில் இரண்டு பாட்டுக்கு சார்லி முன்பே வாசித்து வைத்திருந்தார். கடைசியில் மட்டும், குழுவுக்குப் பெயர் கொடுத்த அந்த மடி வாட்டர்ஸ் பாட்டை ஜாகரும் கீத்தும் இரண்டே பேராக வாசித்திருக்கிறார்கள். ஒரு கிடார், ஒரு மவுத் ஆர்கன், வயதான ஒரு குரல். வேறு எதுவும் இல்லை.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது அதை போனில் போட்டேன். அண்ணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்கள். முடிந்ததும், "அவ்வளவுதானா? அந்த டம டம வரவே இல்லையே?" என்று கேட்டார்கள்.