இரண்டு இலைக்கு ஓர் உலை

கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லாவில் காய்கறிக்குப் பஞ்சமில்லை என்பதை, முட்டைக்கோஸும் தக்காளியும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு கீழ்நாட்டுச் சந்தைகளுக்கு இறங்கும் லாரிகளைக் கண்டவர் எவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும் அத்தகைய ஊரில் இருவருக்குச் சமைப்பது சுலபம் என்று எண்ணுவோர், அவ்விருவரில் ஒருவர் சைவமாகவும் மற்றவர் நீரிழிவுக்காரராகவும் வாய்த்த வீட்டை அறியாதவர்கள். எங்கள் வீடு அப்படிப்பட்டது. என் அக்காள் மீன் வாடையைச் சகியாத சைவம்; எனக்கோ நெத்திலி இல்லாத சோறு சோறாகவே தோன்றுவதில்லை, அதனோடு சர்க்கரையும் இரத்த அழுத்தமும் என்னைவிட்டு அகலாத சிநேகிதர்களாகிவிட்டன. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்று கண்டமையால், இதில் நான் தனித்த பாக்கியசாலி அல்லன்.

இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு குழம்பு கொதிக்கும். சமைப்பவரின் முதுகும் அதற்கேற்ப வளையும். அக்காளுடைய யுக்தி வேறு. குழம்பில் விழுந்துவிட்ட நெத்திலியைக் கரண்டியால் பொறுக்கி எடுப்பதனால் குழம்பு சைவமாகிவிடாது; சைவக் குழம்பு வார்த்த சோற்றின்மேல் வறுத்த நெத்திலியை நான் தூவிக்கொள்வதற்கோ எந்த சாஸ்திரமும் குறுக்கே நிற்பதில்லை. ஆகவே கண்டிப்பு மிகுந்தவருக்கு உகந்தபடியே உலை ஏறுகிறது. மற்றவருடைய சுதந்திரம் யாவும் இலையில்தான். பெலாச்சான் சேர்ந்த சம்பல் தனிக் கிண்ணத்தில் இருக்கும். நெத்திலியை வெந்நீரில் ஊறவைத்து உப்பைப் போக்கி, அடுப்பு வேலை யாவும் ஓய்ந்த பிறகே அதற்கென்று ஒதுக்கிய சட்டியில் நான் வறுத்துக்கொள்கிறேன். "சன்னலைத் திறந்து வை, தம்பி" என்ற கட்டளை மட்டும் கூடத்திலிருந்து வரும்.

உப்பு விஷயத்திலோ கண்டிப்பு என் பக்கம் வந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நெத்திலியும் பெலாச்சானும் அதில் தம் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால், குழம்பில் பாதி உப்பே விழுகிறது, அக்காள் தன் இலையில் வேண்டிய மட்டும் சேர்த்துக்கொள்கிறாள்.

பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1,000 மீட்டருக்கு மேற்பட்ட இம்மலையில் நீர் 97 பாகை வெப்பத்தை எட்டுமுன்னரே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு குழைவதற்குள் பசி ஆறிப்போகும். குக்கர் இங்கே ஆடம்பரப் பொருளன்று.

சர்க்கரைக்கு வழி, சுகாதார அமைச்சு நெடுநாளாகச் சொல்லிவரும் 'சுக்கு சுக்கு செபாரோ'தான்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, எஞ்சிய பாதியில் காய்கறியும் பழமும். பாதித் தட்டை நிரப்புவது இவ்வூரில் எளிது. முட்டைக்கோஸ் பொரியல் இருவருக்கும் ஒன்றே. அக்காளுடைய கால் பங்கில் தெம்பே வறுவலும் என்னுடையதில் நெத்திலியும் அமர, சோறு மட்டும் அவளுக்குச் சற்றுத் தாராளமாக விழுகிறது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை மருத்துவர் எவரும் தடுக்கவில்லை.

இரண்டு நாக்குக்கு இரண்டு சமையல் என்று அடுப்படியிலேயே ஆயுளைக் கழிக்கும் வீட்டார், ஒரு வாரத்துக்கேனும் குழம்பைச் சைவமாக வைத்து, உப்பையும் மீனையும் இலைக்கு ஒத்திப்போட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.