காலால் மிதித்துக் கேட்ட பாட்டு

போன மாதம் எங்கட சிநேகிதி ஒருத்தி ஒன்பது நிமிஷ ஒலிப்பதிவு ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். இசை படிக்கிறவள். செயன்முறைப் பரீட்சைக்கு முதல் பாடிப் பார்த்தது. "கேட்டிட்டுச் சொல்லுங்கோடி" என்று ஒரே வரி. நாங்கள் மூன்று பேரும் ஒரே அறை. போனை யன்னல் விளிம்பில் வைத்துப் போட்டுவிட்டு ஒருத்தி உடுப்பு மடித்தாள், ஒருத்தி அசைன்மென்ட் தட்டினாள், மற்றவள் நூடில்ஸ் கிண்டினாள். முடிந்ததும் மூன்று இதயமும் ஒரு "சூப்பர்டி"யும் போனது. பத்து நிமிஷத்தில் திரும்பக் கேள்வி வந்தது: "எந்த இடத்தில பிழைச்சது எண்டு பிடிச்சியளோ?"

ஒருத்திக்கும் தெரியவில்லை. குத்துமதிப்பாக "அனுபல்லவியில தானே" என்று எழுதினோம். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டைவிரல் நாலைந்து நாள் எங்கட அறையிலேயே இருந்தது.

எங்கட அறையில் பாட்டு ஓடாத நேரம் குறைவு. படிக்க, சமைக்க, குளிக்க, நித்திரைக்கு என்று தனித்தனிப் பிளேலிஸ்ட். இதெல்லாம் கேட்கிறதா என்று அதுவரை யோசித்ததே இல்லை.

அந்தக் கிழமைதான் நாங்கள் 'வெஸ்ட்வேர்ல்ட்' தொடர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு மதுக்கடை. மூலையில் ஒரு பியானோ, ஆளே இல்லாமல் கட்டைகள் தானாக இறங்கி ஏறும். குடிக்கிறவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. "அது எங்கட யன்னல் விளிம்புதான்" என்று ஒருத்தி சொன்னாள். தொடரை நிற்பாட்டிவிட்டு யூடியூப்பில் பிளேயர் பியானோவைத் தேடப் போனோம். தொடர் இன்னும் முடிக்கவில்லை.

நாங்கள் நினைத்தது, அது அந்தக் காலத்து ஸ்பொட்டிபை என்று. முதல் வீடியோவிலேயே அந்த நினைப்புப் போய்விட்டது. அதில் ஒரு வயதுபோன மனுஷன் பியானோ முன்னால் இருந்து, சைக்கிள் ஓடுகிற மாதிரிக் கால் மிதித்துக்கொண்டிருந்தார். அவர் மிதிக்கிறதை விட்டால் பாட்டும் நிற்கும்.

வேலை செய்கிற விதம் இதுதான். துளைகள் போட்ட நீளக் காகிதச் சுருள் ஒன்று, வரிசையாக ஓட்டைகள் உள்ள ஒரு பித்தளைச் சட்டத்தின் மேலால் ஓடும். மிதிக்க மிதிக்க உள்ளே இருக்கிற துருத்தி காற்றை உறிஞ்சி எடுக்கும். (ஆர்மோனியத்திலும் துருத்திதான், ஆனால் அது காற்றைத் தள்ளுவது, இது உறிஞ்சுவது.) காகிதத்துத் துளை சட்டத்தின் ஓட்டைக்கு நேரே வந்தவுடன் அதற்குள்ளால் காற்றுப் புகும், ஒரு வால்வு திறக்கும், அந்தச் சுரத்துக்குரிய சின்னத் துருத்தி சுருங்கி நெம்பை இழுக்கும், சுத்தியல் கம்பியில் அடிக்கும். ஒரு சுரத்துக்கு ஒரு துளை. 1908இல் அமெரிக்காவின் பஃபலோவில் உற்பத்தியாளர்கள் கூடி, 88 சுரத்துக்கும் பொதுவான சுருள் அளவு ஒன்றுக்கு உடன்பட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கொம்பனியின் சுருளை இன்னொரு கொம்பனியின் பியானோவிலும் போடலாம்.

எங்களைப் பிடித்தது துளைகள் இல்லை, அந்த மனுஷனின் கால்கள். டெட்ராய்ட்டில் எட்வின் வோட்டி 1895இல் செய்த 'பியானோலா' இப்படிக் காலால் மிதிக்கிற சாதனம். எந்தச் சுரம் எப்போது என்பதைத்தான் காகிதம் சொல்லும். மற்றது மிதிக்கிறவர் பாடு. அழுத்தி மிதித்தால் சத்தம் கூடும், மெதுவாக மிதித்தால் குறையும். வேகத்துக்குக் கையருகே ஒரு பிடி. சில சுருள்களில் வளைந்து வளைந்து போகிற சிவப்புக் கோடு ஒன்றும் அச்சிட்டிருக்கும். வேகப்பிடியின் முள்ளை அந்தக் கோட்டின் மேலேயே கொண்டுபோக வேண்டும். கண் கோட்டில், கை பிடியில், கால் மிதியில். இதில் நூடில்ஸ் எப்படிக் கிண்டுவது?

1906இல் ஜோன் பிலிப் சூசா என்ற அமெரிக்க இசையமைப்பாளர், இயந்திர இசை வந்தால் வீடுகளில் ஒருவரும் வாத்தியம் பழக மாட்டார்கள் என்று கோபமாக ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதில் பாதி சரி. 1923 அளவில் அமெரிக்காவில் செய்யப்பட்ட பியானோக்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஆனால் கேட்பதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பியானோ தெரியாத ஒரு மனுஷி, ஒரு பாட்டின் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று காலால் தெரிந்துகொண்ட காலமும் அதுதானே.

காலை எடுத்துவிட்டது மின்மோட்டார். ஜேர்மனியின் ஃப்ரைபுர்க்கில் 1904இல் வந்த 'வெல்ட்டே-மிஞ்யோன்', வாசித்தவரின் வேகத்தோடு அழுத்தத்தையும் சுருளில் பதிந்து, மோட்டாரில் திரும்ப வாசித்தது. மாலரும் டெபுஸியும் அதற்கு வாசித்திருக்கிறார்கள். அதைக் கேட்கக் கிடைப்பது பாக்கியம்தான், நாங்களும் கேட்டோம். ஆனால் கேட்கிறவர் எழும்பிப் போனாலும் அது தன்பாட்டில் வாசித்துக்கொண்டே இருக்கும்.

எரிக் சட்டீ 1920இல் பாரிஸில் ஒரு நாடக இடைவேளைக்கு, மேசை கதிரை மாதிரிக் கவனிக்காமல் விடவேண்டிய இசை என்று 'தளபாட இசை' செய்தார். ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு இருந்து கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். அவர் ஓடித்திரிந்து "கதையுங்கோ, நடவுங்கோ, கேட்காதேங்கோ" என்று கெஞ்சவேண்டி வந்தது. அந்த ஆட்களுக்குக் கேட்காமல் இருக்கத் தெரியவில்லை. எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவைப்படவில்லை.

கடைசியாகக் கொன்லொன் நன்காரோவிடம் வந்து சேர்ந்தோம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் நின்று சண்டை பிடித்துவிட்டு, 1940இல் மெக்சிகோ சிட்டிக்குப் போய்க் குடியேறிய அமெரிக்கர். மனுஷ விரல்களால் வாசிக்க முடியாததை வாசிக்கவைக்க, காகிதச் சுருளில் தன் கையாலேயே துளை போட்டார். சில நிமிஷ இசைக்கு மாதக்கணக்கான துளை. அவருடைய 21ஆம் ஸ்டடியில் இரண்டு குரல்கள்: ஒன்று வேகம் கூடிக்கொண்டே போகும், மற்றது குறைந்துகொண்டே வரும். நடுவில் எங்கேயோ ஒரு கணம் இரண்டும் ஒரே வேகத்தில் சந்தித்துவிட்டுப் பிரியும்.

அந்தச் சந்திப்பைப் பிடிப்பது என்று பந்தயம் வைத்தோம். லைட்டை நூர்த்து, போனை நடு நிலத்தில் வைத்து, சுற்றியிருந்து, "இப்ப" என்று நினைக்கிற இடத்தில் கை தட்டவேண்டும். முதல் தரம் மூன்று பேரும் மூன்று இடத்தில் தட்டினோம். ஐந்தாம் தரம் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒன்றாகத் தட்டினார்கள். அது சரியான இடமா தெரியாது. ஆனால் அந்த நேரம் ஒருத்தியும் போனைத் தொடவில்லை, கதைக்கவில்லை, நூடில்ஸ் ஆறிப்போனது.

அப்படியே இருளிலேயே சிநேகிதியின் ஒலிப்பதிவைப் போட்டோம். தம்புரா அப்பின் சத்தம். வெளியே போன பஸ்ஸின் ஹோர்ன், அதற்கு அவள் அரை விநாடி காத்திருந்தது. பல்லவியை மூன்றாம் முறை எடுக்கும்போது குரலில் வந்த துணிவு. இதெல்லாம் போன முறையும் இருந்ததுதான். சரணத்தில் மேலே போகும்போது குரல் ஒரு நூல் அளவு தடக்கியது. திருப்பித் திருப்பிப் போட்டு, நிமிஷமும் விநாடியும் குறித்தோம்.

இரவு பதினொன்றரைக்கு அனுப்பினோம்: "6:42. சரணம். சரியோ?"

உடனே பதில் வந்தது. "அது பிழையில்லடி, தும்மலை அடக்கினனான்." கீழே சிரிப்பு முகம் நாலு. பிறகு இன்னொன்று: "திரும்பக் கேட்டனீங்களோ?"

பிழைத்த இடம் வேறெங்கேயோதான். சொல்லமாட்டாளாம். நாளைக்கு மத்தியானம் லெக்சர் இல்லை, இன்னொரு தரம் கேட்கப்போகிறோம்.