காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ராத்திரி மலைக்கு

ரொம்ப நாளா மனசுல அரிச்சுக்கிட்டே இருக்கிற ஆசை மக்களே. ஒரு ராத்திரியாவது இமயமலைக் காட்டுக்குள்ள படுத்து எழுந்திரிக்கணும். வயசு ஐம்பதைத் தொடப்போகுது. இன்னும் தள்ளிப்போட்டா மனசு ஒத்துக்கிட்டாலும் முட்டி ஒத்துக்காது.

இடம் முடிவாயிடுச்சு. இமாச்சலப் பிரதேசம் குலு மாவட்டத்துல இருக்கிற கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா. 2014ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம். குஷைனி கிராமத்துல இருந்து தீர்த்தன் ஆத்தோரமா நடந்தா ரோல்லான்னு முதல் முகாம். கூட வர்றது மச்சான்.

எப்ப போறது? வைகாசியில வரதர் கருட சேவை. அன்னிக்கு ஊர்ல இல்லேன்னா அம்மா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. ஆடி, ஆவணியில அங்க மழை, மண்சரிவு. 2023 ஜூலையில குலு பக்கம் வந்த வெள்ளத்தை டிவியில பார்த்தோமே. ஐப்பசின்னா தீபாவளி; பட்டுக்கடையில கணக்கு எழுதறவனுக்கு எவன் லீவு குடுப்பான்? மிச்சம் இருந்தது புரட்டாசி கடைசி வாரம்தான்.

எல்லாம் சொல்லி முடிச்சதும் தங்கமணி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"குரங்கணி ஞாபகம் இருக்காங்க?"

2018 மார்ச் 11. கொழுக்குமலையில இருந்து இறங்கினவங்க காட்டுத்தீயில சிக்கி 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் டிவி முன்னாடியே உட்கார்ந்திருந்தோம். "அவங்களும் லீவு நாள்ல ஆசையா கிளம்பினவங்கதானே"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்ல.

அப்பா கேட்டுக்கிட்டு இருந்தார். நாற்பது வருஷம் குழித்தறியில உட்கார்ந்தவர். "பாவு ஏத்தறதுக்கு முன்னாடியே இழையை எண்ணிடணும்டா. பாதி நெய்தப்புறம் எண்ணினா புடவை போச்சு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

மறுபடியும் உட்கார்ந்து எண்ணினேன். மச்சானோட திட்டத்துல வழிகாட்டி கிடையாது, காசு மிச்சமாம். ரெண்டாம் நாள் ஷில்ட் வரைக்கும் ஏறணுமாம். அது 3000 மீட்டருக்கு மேல. நம்ம ஊரு கடல் மட்டத்துல இருந்து 100 மீட்டர் கூட இல்ல! ஒரே மூச்சுல அவ்வளவு உயரம் போய்ப் படுத்தா தலைவலி, வாந்தின்னு ஆரம்பிச்சு எங்க கொண்டுபோய் விடும்னு சொல்லமுடியாது. ஷில்ட்டை அடிச்சாச்சு. உள்ளூர் வழிகாட்டி கட்டாயம், பூங்கா அலுவலகத்துல அனுமதிச் சீட்டு கட்டாயம். மேல மழை பிடிச்சு ஆத்துத் தண்ணி கலங்குச்சுன்னா பாதி வழியா இருந்தாலும் திரும்பிடணும். "இவ்ளோ தூரம் போயா மாமா?"ன்னு மச்சான் முணுமுணுத்தான். ஆமாடா, இவ்ளோ தூரம் போய்தான்.

உள்ள போன் எடுக்காதுன்னு வெச்சுக்கிட்டேதான் எல்லாம். எந்த நாள் எங்க இருப்போம், எத்தனை மணிக்குக் குஷைனி திரும்புவோம், அதைத் தாண்டினா யாருக்குப் போன் பண்ணணும்னு காலண்டர் அட்டையில எழுதி அடுப்படியில மாட்டியாச்சு.

பயிற்சிக்கு? காஞ்சிபுரத்துல மேடுன்னு பார்த்தா கோயில் கொடிமரத்து மேடைதான், ஹி ஹி. அதனால ஞாயித்துக்கிழமை சோளிங்கர். 1300 படிக்கு மேல. 2024ல ரோப் கார் வந்துடுச்சு. தங்கமணியும் பசங்களும் ஜாலியா அதுல, நான் முதுகுல 8 கிலோ அரிசியோட படியில. மேல போய்ச் சேர்றதுக்குள்ள நரசிம்மர் நேர்லயே தெரிஞ்சார்.

பருத்தி நனைஞ்சா குளிரும், சீக்கிரம் காயாது. அதனால பட்டு ஊர்க்காரன் பாலியஸ்டர் பனியன் வாங்கினேன். தூங்கற பைக்குள்ள போட மெல்லிசா ஒரு உறை வேணும், பட்டுல தைச்சா கனமும் இல்ல, கதகதப்பாவும் இருக்கும்னு பேச்சுவாக்குல சொல்லியிருந்தேன்.

நேத்து கடையில இருந்து வந்தா, தங்கமணி தையல் மெஷின் முன்னாடி. ஜரிகை பிரிச்ச பழைய பட்டுப்புடவை ஒண்ணு, எங்க கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தீபாவளிக்கு எடுத்தது, நீளமா பை மாதிரி ஆகிக்கிட்டு இருந்தது.

"உள்ள கால் நீட்டிப் பாருங்க, பத்துதான்னு"ன்னாங்க. அவ்வளவுதான். குரங்கணிப் பேச்சு மறுபடி வரல.

பத்துது. அந்தப் பக்கம் போய் வந்தவங்க யாராவது இருந்தா, புரட்டாசிக் கடைசியில ராத்திரிக் குளிர் எப்படின்னு சொல்லிட்டுப் போங்க.