தூரம் கேட்கும் பிள்ளைகள்

2025 பிப்ரவரி 3, திங்கள்

பிரான்சின் வடகோடியில் உள்ள லியேவான் நகரில், சைக்ளோகிராஸ் என்ற சைக்கிள் பந்தயத்தின் உலக சாம்பியன்ஷிப் நேற்றோடு முடிந்தது. ஜூனியர் ஆண்கள் பட்டத்தை இத்தாலியின் மத்தியா அகோஸ்தினாக்கியோவும், பெண்கள் பட்டத்தை பிரான்சின் லிஸ் ரெவோலும் வென்றார்கள். ஜூனியர் என்றால் பதினேழு, பதினெட்டு வயது. புல், சேறு, மணல், மேடு எல்லாம் கலந்த இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வரையிலான ஒரு சுற்றை, சுமார் 40 நிமிடம் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். குறுக்கே முழங்கால் உயரத்துக்குப் பலகைகள் வரும். பலரும் அங்கே ஓடும் வண்டியிலிருந்து வலக்காலைச் சீட்டுக்குப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் குதிப்பார்கள். பார் கம்பியைப் பிடித்து வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியே பலகைகளைத் தாண்டி, வேகம் குறையும் முன் மறுபடி தாவி ஏறுவார்கள். பந்தயம் நடந்த ஊரும் கவனிக்கத்தக்கது. லியேவான் நிலக்கரிச் சுரங்க ஊர். 1974 டிசம்பர் 27 அன்று அங்கே நடந்த சுரங்க வெடிப்பில் 42 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. பக்கத்து ஊரில் மலைபோல் குவிந்து கிடக்கும் சுரங்கக் கழிவு மேடுகளில் இன்று மக்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். தொழில் எடுத்துக்கொண்ட நிலத்தில் ஒரு பங்காவது பிள்ளைகளுக்குத் திரும்ப வர முடியும் என்றால், இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான நம் வடசென்னைக் கடற்கரைக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு.

பிப்ரவரி 5, புதன்

வடசென்னைப் பிள்ளைகளிடம் திறமைக்குக் குறைவில்லை. அவர்களுக்கு இல்லாதது தூரம். இந்த ஊர் பெயர் வாங்கிய விளையாட்டுகளைப் பார்த்தாலே இது விளங்கும். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கேரம் பலகையின் ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரம். குத்துச்சண்டைக்கு ஒரு கூடம் போதும். சந்துக்குள் அடங்கும் விளையாட்டுகளில் இந்த ஊர் உலகத்தையே எட்டியிருக்கிறது. மைதானம் வாய்த்த வியாசர்பாடியில் கால்பந்து செழித்தது. இருக்கும் விளையாட்டுகள் போதாதா, சைக்ளோகிராஸ் என்று புதிதாக ஒன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: எந்த விளையாட்டு வளரும் என்பதை இங்கே பிள்ளைகளின் விருப்பத்தைவிட இடநெருக்கடிதான் முடிவு செய்திருக்கிறது. இந்த நெருக்கடி தானாக வந்ததும் அல்ல. இந்தக் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் மணல் அங்கே தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர் கரையைக் கடல் அரித்தது. மெரினா என்ற பெரிய விளையாட்டுத் திடல் விரிந்த அதே காலத்தில், வடக்கே கருங்கல் தடுப்பும் தூண்டில் வளைவும்தான் மிஞ்சின. எஞ்சிய சாலையைக் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி அடைத்துக்கொண்டன.

பிப்ரவரி 8, சனி

சைக்கிள் பந்தயத்தில் இந்தியப் பிள்ளைகளால் என்ன முடியும் என்ற சந்தேகத்துக்கு 2019லேயே பதில் கிடைத்துவிட்டது. அந்த ஆகஸ்டில் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலக டிராக் சாம்பியன்ஷிப்பில், அந்தமானைச் சேர்ந்த எஸோவ் ஆல்பனும் மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங், ரோஜித் சிங் இருவரும் குழு ஸ்பிரின்டில் தங்கம் வென்றார்கள். ஆனால் அந்தப் பயிற்சிக்குச் சரிவான ஓடுதளம் கொண்ட வெலோட்ரோம் வேண்டும், அதற்காக அவர்கள் டெல்லிக்குப் போக வேண்டியிருந்தது. சென்னைப் பக்கத்து வெலோட்ரோம் மேலக்கோட்டையூரில், எண்ணூருக்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கிறது. சைக்ளோகிராஸுக்கு அந்தக் கட்டடம் தேவையில்லை. மூன்று மீட்டர் அகலப் பாதையைச் சிக்குக் கோலத்தின் இழைபோல் வளைத்து வளைத்து விட்டால் ஒரு பெரிய பூங்காவுக்குள் மூன்று கிலோமீட்டர் அடங்கிவிடும். குளிரும் சேறும் இல்லாத ஊருக்கு இது ஒட்டாது என்பார்கள். பெல்ஜியத்தின் கோக்சைடே பந்தயம் மணல்மேடுகளுக்குப் பெயர்போனது. 2021 உலகப் போட்டி ஆஸ்டென்ட் என்ற துறைமுக நகரில், கடற்கரை மணலிலும் நடந்தது. நமக்கு வெயில்தான் சிக்கல். தை மாதக் காலை நேரம் அதற்கு வழி. செலவு பற்றிய ஆட்சேபம் இன்னும் வலுவானது. உலக அளவில் ஒருவருக்கு ஒரு வண்டி போதாது. ஒன்று சேறாகும்போது பிட் என்னும் மாற்றிடத்தில் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ள வேண்டும், சேறானதைக் கழுவி எண்ணெய் போட்டுத் தயாராக வைக்க ஆள் வேண்டும். ஆனால் தொடக்கம் அங்கே இல்லை. பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிள் கனமானது, கியர் இல்லாதது. இறங்கி, தூக்கி, ஓடி, ஏறப் பழக அது போதும். தேறியவர்களுக்குப் பள்ளிகள் பொதுவில் சில பந்தய வண்டிகள் வாங்கி வைக்கலாம். பிட்டில் நிற்கும் கைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. என்ஃபீல்டு புல்லட் செய்த திருவொற்றியூரிலும், லேலண்ட் லாரி செய்யும் எண்ணூரிலும் வெல்டிங்கும் லேத்தும் தெரிந்த வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு.

பிப்ரவரி 10, திங்கள்

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் காற்றைப் பற்றியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பிள்ளைகளை 40 நிமிடம் மூச்சிரைக்க ஓட்டச் சொல்வது சரியா? காற்று கெட்ட நாளில் சரியில்லை, அன்று பந்தயம் கூடவே கூடாது. அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிய நிலத்தில் எந்த நாளிலும் கூடாது. ஆனால் இதே காற்றில்தான் பிள்ளைகள் தினமும் லாரிகளுக்கு நடுவே பள்ளிக்கு சைக்கிள் மிதிக்கிறார்கள். விளையாட வேண்டாம் என்பதால் அவர்கள் நுரையீரலுக்கு ஒரு பாதுகாப்பும் கிடைத்துவிடாது. பந்தயப் பாதை ஒன்று வந்தால் அங்கே காற்றை அளந்தாக வேண்டும், அளவைப் பெற்றோர் பார்க்கும்படி எழுதி வைத்தாக வேண்டும். பிள்ளைகள் விளையாடத் தகுந்த காற்றா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலையும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஆலைகள் ஒரு கோப்பையைக் கொடுத்துப் புகையை மறைக்க இந்தப் பந்தயம் உதவக்கூடாது. அப்படி உதவுமானால் அது நடக்காமலே இருக்கட்டும்.

பிப்ரவரி 12, புதன்

எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அந்த வளாகம் 660 மெகாவாட் புதிய அலகுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஆலை ஓய்ந்தால் அந்த நிலம் அடுத்த ஆலைக்கே என்பது இங்கே எழுதாத சட்டமாகிவிட்டது. மின்சாரமும் துறைமுகமும் மாநிலத்துக்கு வேண்டும், வேலை இந்த மக்களுக்கே வேண்டும் என்ற வாதத்தை நான் தள்ளவில்லை. ஆனால் பாரத்தைச் சுமக்கிறவர்களுக்கு நிலத்தில் பங்கு உண்டு. கேட்பது பெரிதல்ல: மண் பரிசோதித்த, வேலி போட்ட, லாரி நுழையாத மூன்று கிலோமீட்டர் சுற்று, ஒரு பயிற்சியாளர், தை மாதத்தில் பள்ளிகளுக்கு ஒரு பந்தயம். இதிலிருந்து உலகச் சாம்பியன் வருவார் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பதினாறு வயதுப் பெண்ணோ பையனோ பின்னால் ஹாரன் கேட்காமல் தன்னால் முடிந்த முழு வேகத்தில் சைக்கிள் ஓட்டிப் பார்க்க முடியும் என்று வாக்குக் கொடுக்கலாம். நகரத்தின் மற்ற பகுதிப் பிள்ளைகளுக்கு இது சலுகை அல்ல. இவர்களுக்கும் அது சலுகையாகக் கூடாது.