தீவுப் பாம்புகளும் அவற்றின் இருவகைப் பெயர்களும்

பிராணி நூல் பயிலும் மாணாக்கர் சிலர், ஊரார் வழங்கும் எளிய பெயர் இருக்க, நாவிற்கு அடங்காத லத்தீன் பெயர்களை நெட்டுருப் பண்ணுவது எதற்கு என்று நம்மை வினவுவதுண்டு. வினா நியாயமானதே. அதற்கு விடையாக, இந்து மகா சமுத்திரத்திலுள்ள ஒரு சிறு தீவின் பாம்புகளை எடுத்துக் காட்ட விரும்புகின்றோம்.

மோரீசுக்கு வடக்கே ரவுண்டு ஐலண்டு என்றொரு தீவு உளது. அதன் பரப்பு ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டரே. மனிதர் கொணர்ந்து விட்ட ஆடுகளும் முயல்களும் அங்குள்ள செடிகொடிகளை மேய்ந்தொழிக்க, காப்பற்ற மண் மழையில் அரிப்புண்டு கடலிற் சென்றது. அத்தீவில் அரிய பாம்பினங்கள் இரண்டு எஞ்சியிருந்தன. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'ரவுண்டு ஐலண்டு போவா' என்பதே பொதுப்பெயர்.

ஆய்ந்து நோக்கின் இப்பெயர் எவ்வாற்றானும் பொருந்துவதன்று. மேல்தாடையெலும்பு முன்னும் பின்னுமாக இரு துண்டாய்ப் பிரிந்து, கீல் வைத்தாற்போல் அசைவது இவற்றிற்கே உரிய அமைப்பு. ஆதலின் அறிஞர் இவற்றைப் போவாக்களினின்றும் நீக்கித் தனிக் குடும்பமாக வைத்தனர். போவாக்களிற் பெரும்பாலன குட்டி ஈனுவன; இவற்றுள் ஒன்றோ முட்டையிடுவது. தீவின் பெயரும் அத்தகையதே. முற்காலத்தில் மோரீசிலும் வாழ்ந்த இனம், அங்கே மாய்ந்து இங்கே மிஞ்சியமையால் வந்த பெயர் அது.

நிற்க, இரண்டையும் பிரித்தறிய அடைமொழிகள் சேர்த்தனர். செதிலின் நடுவே வரம்புபோல் ஓடும் மேட்டைக் கொண்டு ஒன்றை 'வரம்புச் செதிற் போவா' என்றும், உடலின் வடிவைக் கொண்டு மற்றதை 'வளை தோண்டும் போவா' என்றும் பொருள்பட வழங்கினர். முன்னதன் சாஸ்திரப் பெயர் காசாரியா துசுமியேரி. துசுமியே என்னும் பிரெஞ்சு யாத்திரிகர் பெயரால் ஷ்லேகல் 1837-இல் இட்டது. பின்னதன் பெயர் போலியேரியா மல்டோகாரினேட்டா. மல்டோகாரினேட்டா என்பதன் பொருள் யாதெனின், 'வரம்புகள் பல உடையது' என்பதாம்! சொற்பொருளை நம்பி மொழிபெயர்ப்பவன் ஒரு பாம்பின் பெயரை மற்றதன் தலையில் ஏற்றிவிடுவான்.

இதனால் வரும் கேடு சிறிதன்று. போலியேரியாவை 1975-க்குப் பின் கண்டார் இலர். அஃது அழிந்த இனமென்றே பதிவாகியுள்ளது. காசாரியா இன்றும் வாழ்கின்றது. 'ரவுண்டு ஐலண்டு போவா பிழைத்தது' என்று ஒருவர் எழுதின், அது மெய்யுமாம், பொய்யுமாம். மறைந்துபோன பாம்பொன்று, எஞ்சிய பாம்பின் பெயருக்குள் ஒளிந்துகொள்ளுகின்றது.

சாஸ்திரப் பெயரும் பிரமன் எழுத்தன்று என்பதையும் ஒப்புக்கொள்ளுவோம். மடகாஸ்கர்த் தீவின் சான்சினியாவை 1991-இல் ஓர் ஆராய்ச்சியாளர் அமெரிக்கப் போவாக்களோடு சேர்த்துப் புதுப்பெயரிட்டார். பின்னர் மரபணு ஆராய்ச்சி அவ்வுறவை மறுக்கவே, பழைய பெயரே மீண்டது. ஆயினும் அத்தகைய மாறுதல் ஒவ்வொன்றும் ஆண்டும் காரணமும் குறித்து ஏட்டில் ஏறுகின்றது. தெருவில் மாறும் பெயருக்குக் கணக்கு வைப்பார் யார்?

ஊரார் பெயரை நாம் இகழ்வதில்லை. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய டொமினிக்காவின் பாம்பை அறிஞர் அதன் மங்கிய நிறம் பற்றி 'முகிற் போவா' என்று பொருள்படும் போவா நெபுலோசா என்றனர். தீவாரோ அதன் தலையைக் கண்டு 'நாய்த்தலை' என்கின்றனர். கண்ட மாத்திரத்தே பாம்பு மனத்தில் நிற்பது பின்னதனாலேயே. ஆயின் செயின்ட் லூசியாத் தீவார் தங்கள் வேறொரு போவாவையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

நம் நாட்டு இருதலைப் பாம்பின் சாஸ்திரப் பெயரான எரிக்ஸ் ஜானியை என்பது, தரங்கம்பாடி மிஷனரியான ஜான் ஐயரின் பெயரைத் தாங்கியது என்பதையும் இவ்விடத்தே சொல்லிவைக்கின்றோம். இட்டவர் ரஸ்ஸல், ஆண்டு 1801.

ரவுண்டு ஐலண்டில் ஆடுகள் 1979-க்குள்ளும், முயல்கள் 1986-இலும் ஒழிக்கப்பட்டன. பசுமை மீளத் தொடங்கிற்று. 2012-இல் காசாரியாக்களிற் சிலவற்றை அயலிலுள்ள கன்னர்ஸ் காயின் என்னும் தீவிற் கொண்டு விட்டனர். அத்தீவில் வாழும் அவற்றிற்கும் ஆங்கிலத்தில் 'ரவுண்டு ஐலண்டு போவா' என்பதே பெயர்.